புள்ளி விழுந்த இடம்

என் போனில் ஒரு செயலி இருந்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் என்று சொன்னால், மேப்பில் தன் இஷ்டத்துக்கு ஒரு புள்ளியைப் போடும். நாம் அங்கே போக வேண்டும், அவ்வளவுதான். அங்கே நமக்கு வேலையும் இருக்காது, தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது.

நான் வெண்ணிலா. சிறுசேரியில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு, மாடம்பாக்கத்தில் எங்கள் படுக்கையறையிலிருந்து வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி மூன்று வருடம். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் என் மேசை. கதவைத் திறந்தால் ஹாலில் மாமியார் ரேணுகாம்பாள். சாயங்காலம் கொத்தமல்லி வாங்கப் போகிறேன் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புள்ளியைத் தேடிப் போவேன். ஒரு வீட்டுக்கு இவ்வளவு கொத்தமல்லி எதற்கு என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் புள்ளி ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மெக்கானிக் கடையின் பின்சுவரில் விழுந்தது. இன்னொரு நாள் சேலையூர் ஏரிக்கரையில். போய் நிற்பேன், பக்கத்தில் கடை இருந்தால் ஒரு டீ குடிப்பேன், திரும்பிவிடுவேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் கணவர் மோகன்ராஜ் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்பது அவர் போனில் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். சேஃப்டிக்காம். அவருக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். நான் சுற்றியதெல்லாம் அது லாக்கரில் இருந்த நேரத்தில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தொழிற்சாலையின் உற்பத்தி லைனில் ஏதோ பழுதாகி எல்லோரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறியவர் போனைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் புள்ளி வேங்கைவாசல் தாண்டி, வீடே கட்டாத ஒரு மனைப்பிரிவில் விழுந்திருந்தது. எல்லைக்கல் மேல் உட்கார்ந்து, பயிற்சி விமானம் ஒன்று வானத்தில் வட்டம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“எங்க இருக்க?” என்றார் மோகன்ராஜ்.

“பக்கத்துலதாங்க. கொத்தமல்லி வாங்க வந்தேன்.”

“ரொம்ப நேரமா ஒரே இடத்துல நிக்கிற. மேப்ல அங்க கடையே இல்லையே.”

வீட்டுக்கு வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. “அங்க என்ன இருக்கு, நிலா?” என்று கேட்டார். மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். செயலி சொன்னது, போனேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோது எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. அந்த மனைப்பிரிவின் மூலையில், வேப்பமரத்தடியில், தகரக் கூரை போட்ட சின்ன அம்மன் கோயில் ஒன்றைப் பார்த்திருந்தேன்.

“அம்மன் கோயிலுங்க. ஒரு வேண்டுதல்.”

எதற்கு என்று நான் சொல்லவில்லை. குழந்தை இல்லாத வீட்டில் அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை. மோகன்ராஜின் முகம் இளகிப்போனது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னா வேண்டுதல்னு வாய விட்டுச் சொல்லாதம்மா, பலிக்காது. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிகினு போக வேணாமா? வெள்ளிக்கெழம ராகுகாலத்துல எலுமிச்சம்பழ வெளக்கு போடணும். ஒம்போது வாரம். நானும் கூட வரேன்.”

தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஸ்கூட்டியின் பின்னால் மாமியார். ஆபீஸ் மீட்டிங்கைக் காதில் மாட்டிக்கொண்டே விளக்கு ஏற்றினேன். மேனேஜருக்கு நான் இங்கிலீஷில் பதில் சொல்லும்போதெல்லாம் மாமியார் அம்மனிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டார். மற்ற நாட்களின் கொத்தமல்லியும் போயிற்று. விரதம் இருக்கிறவள் கண்ட இடத்துக்கும் போகக் கூடாதாம். காய்கறி வண்டிக்காரரை வாசலுக்கே வரச் சொல்லிவிட்டார்கள். எங்கு வேண்டுமானாலும் விழுகிற புள்ளி எனக்கு மட்டும் ஒரே இடத்தில் ஆணியடித்து நின்றுவிட்டது.

ஒன்பதாவது வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம் மோகன்ராஜ் பையிலிருந்து ஒரு சின்ன மரத்தொட்டிலை எடுத்தார். நாளைக்கு வேப்பமரத்தில் கட்டுவதற்கு. என் லேப்டாப் பக்கத்தில் வைத்து விரலால் லேசாக ஆட்டிப் பார்த்தார். இவ்வளவு ஆசை வைத்திருக்கிறவரை ஏமாற்றுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. என்னை இப்படிப் பொய் சொல்ல வைத்துவிட்டார்களே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

“வேண்டுதலே இல்லைங்க. நான் சும்மாதான் போனேன்.”

செயலியைத் திறந்து அவர் விரலாலேயே தொடச் சொன்னேன். புள்ளி அகரம்தென் பக்கம் ஒரு வயலில் விழுந்தது. அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இங்க என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லைங்க. அதுக்காகத்தான் போறது.”

“ஒண்ணும் இல்லாத இடத்துக்கு யாராவது போவாங்களா?”

இந்த வீட்டில் எங்கே திரும்பினாலும் யாராவது இருக்கிறார்கள், அதனால்தான் என்று சொல்ல நினைத்தேன். சமையலறையில் மாமியாரின் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

ஆடிக்கொண்டிருந்த தொட்டிலை அவர் கையால் நிறுத்தினார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

“அப்போ அன்னிக்கு யாரைப் பார்க்கப் போன?”

சமையலறையில் மிக்ஸி நின்றது. நான் என்ன உண்மை சொன்னாலும் அது இனி இந்தக் கேள்விக்குப் பதிலாகாது என்று புரிந்தது. பயந்துபோனேன்.

“அம்மனைத்தாங்க,” என்றேன். “வேண்டுதல்தான். வேலை டென்ஷன்ல என்னமோ உளறிட்டேன்.”

அவர் செயலியை அழித்துவிட்டு, போனை என் கையில் கொடுத்தார். மாமியார் வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தார்.

“வேண்டுதலே இல்லன்னு வாயால சொல்லிட்டியேம்மா. போட்ட வெளக்கெல்லாம் வீணாப் பூட்ச்சு. பரவால்ல, நாளையிலேர்ந்து மறுபடி ஒம்போது வாரம் போட்டுடலாம்.”

“சரி அத்தை,” என்றேன்.