கண்ணாடிக் குழாயில் செத்த கிருமி

"உங்க அண்ணன் மறுபடி ரத்தமா துப்புறாரு. டி.பி. மாத்திரைய நிறுத்தி ரொம்ப நாளாச்சாம். இன்னைக்குத்தான் வாயத் திறந்தாரு," என்று போனில் அழுதாள் அண்ணி.

காசநோய்க் கிருமியை ஒடுக்கும் செடிச் சாறுகளைத் தேடும் ஆய்வுக்கூடத்தில்தான் தங்கைக்கு வேலை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

தச்சு வேலை பார்க்கும் அண்ணன் பாதி ஆளாகிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வீடு முழுக்கப் பூண்டு நாற்றம். அவள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

"ஏண்ணே நிறுத்தின?"

"முழுங்கினா குடலைப் புரட்டுது. உளியக்கூடப் பிடிக்க முடியல. நீதானே சொன்ன, பூண்டுச் சாறு விட்டா கிருமி தலையே தூக்கலன்னு? அதான் தெனமும் அரைச்சுக் குடிச்சேன்."

"நாத்தம் தாங்காம நான் கூடத்துல படுத்தேன். அப்பவும் எனக்கு உறைக்கல," என்றாள் அண்ணி.

தங்கைக்குச் சுருக்கென்றது. முன்பொரு நாள் சாப்பிடும்போது அந்த ஆய்வைப் பற்றித் தம்பட்டம் அடித்தது அவள்தானே!

"அது கண்ணாடிக் குழாய்ண்ணே! அதுக்கு வயிறு உண்டா, ஈரல் உண்டா? நீ குடிக்கிறது நெஞ்சுக்குப் போய்ச் சேருமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். தப்புதான். இப்ப கிளம்பு."

"எனக்கு ஆஸ்பத்திரியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அப்போது அண்ணி மெதுவாகச் சொன்னாள்: "பாப்பா நேத்துலேர்ந்து இருமுறா."

அண்ணன் ஆடிப்போனார். எழுந்து சட்டையை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அண்ணனின் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். குழந்தைக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். "பாதியில விட்டா கிருமி மாத்திரைக்கே டிமிக்கி குடுக்கப் பழகிடும். அப்படி ஆகியிருந்தா வைத்தியம் நீளும், கஷ்டமும் கூடும். முடிவு வரட்டும்," என்றார்.

வராந்தாவில் காத்திருந்தார்கள், அண்ணியும் குழந்தையும் பெஞ்சில். குழந்தை இருமும்போதெல்லாம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் போய் உட்காரவும் பயந்து தூணோரமாகவே நின்றார். தங்கை எத்தனையோ கிருமிகளின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தவள்தான். இந்த ஒன்றுக்காகக் காத்திருக்கத்தான் அவளால் முடியவில்லை.

கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"குழந்தைக்கு வெறும் சளிதான். ஆனாலும் தடுப்பு மாத்திரை குடுத்துடுவோம். உங்க கிருமியும் முக்கியமான மாத்திரைக்கு இன்னும் அடங்குது. தப்பிச்சீங்க. குமட்டல்னா என்கிட்ட சொல்ல மாட்டீங்களா? அதுக்கும் மருந்து இருக்கே!"

அண்ணி பெஞ்சிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

குமட்டலுக்கான மருந்தைக் கொடுத்து, சற்றுப் பொறுத்து மாத்திரைகளைக் கொடுத்தாள் நர்ஸ். அண்ணன் ஒரே மடக்கில் விழுங்கினார். நெற்றி வியர்த்தது, வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். தங்கை அவரையே பார்த்திருந்தாள். வெகு நேரம் கழித்துத்தான் கையை எடுத்தார்.

"உள்ளதான் இருக்கு," என்றார்.