புகையிலை தின்ற மண்

ஐப்பசித் திங்களின் இளங்காலையில், கடலேற்றத்தால் நிறைந்து பெருகிய தேம்சு ஆறு, இலண்டன் மாநகரின் கீழ்த்திசைத் துறைகளைத் தழுவிப் பொன்னொளி பூத்துப் பரந்து கிடந்தது. அன்புடையீர், இத்துறைகளைச் சற்றே நோக்குங்கள்! முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், வர்ஜீனியாக் கரையினின்று பெருங்கடல் கடந்து வந்த மரக்கலங்கள் மலைமலையாய்ப் புகையிலையை இறக்கியது இங்கேதான். வந்தது இலை மட்டுமோ? காடு ஆயிரம் ஆண்டாய் உதிர்த்துச் சேர்த்த மண்ணின் உயிரன்றோ அவ்விலைக்குள் மடிந்து கலமேறி வந்து, இந்நகரத்தார் வாயிற் புகைந்து போயிற்று! நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டில், அத்துறைகளுக்கு வடகிழக்கே மனோர் பார்க் என்னும் பகுதியில், நகராட்சியார் குடிமக்கள் பயிரிடப் பகிர்ந்தளித்த தோட்டத்துண்டு ஒன்றில், யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கையிற் கைதேர்ந்த அம்பலவாணன் திகைத்து நின்றார். ஊரிலே செம்மண்ணுக்குக் கூடைகூடையாய்ப் பச்சிலைக் குழையை மண்ணுள் தாழ்த்தியும் ஆட்டெரு இட்டும் பழகிய அம்மனிதர், இந்நாட்டுக் கரிய மண்ணை முதன்முதல் அள்ளிய அன்றே மயங்கி, இதற்கு எருவே வேண்டாம் என்று தாமே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். தேர்ந்த உழவருக்கும் புத்தி மழுங்கும் நாள் உண்டுபோலும்! முதலாண்டில் முறம்போல் விரிந்த புகையிலை, ஆண்டுக்காண்டு குறுகி, நான்காம் கோடையில் வெற்றிலையளவாய்ச் சுருங்கி மஞ்சளித்துப் போயிற்று.

பிழை தம்முடையதென்று அவருக்குத் தோன்றவே இல்லை. உரியவர் விட்டுப்போக வெறுமையாய்க் கிடந்த பக்கத்துத் துண்டின்மேற் கண் சென்றது. கணவனைப் போரில் இழந்து, மண்ணில்லா மாடிவீட்டில் இரு மக்களோடு வாழும் ராஜி என்பவள் அதற்காக நெடுநாளாய்க் காத்திருந்தாள். ஆயினும் தோட்டத் தலைவர் அம்பலவாணனின் நண்பர். ஒரு சொற் கேட்டால் துண்டு கைக்கு வரும். அன்று மாலையே கேட்பதென்று அவர் முடிவு செய்திருந்தார்.

உடன் வந்த மனைவி சிவனேஸ்வரி, கல்லூரியொன்றில் வேளாண்மை வரலாறு பயில்பவள். அவளுக்கு இது பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, உந்த நிலம் ராஜிக்கெண்டு இருக்கிறது. நீங்கள் கேக்கிறது சரியோ?"

"இந்த மண் செத்துப்போச்சு. நான் என்ன செய்ய ஏலும்? அங்காலை மண் எவ்வளவு கறுப்பா இருக்கு, பாரும்."

அவள் குனிந்து இரு நிலத்திலும் ஒவ்வொரு பிடி அள்ளினாள். பக்கத்து மண் ஈரம் கமழ, புழு நெளிய, பொலபொலவென உதிர்ந்தது. அவருடையதோ வெளிறிக் கட்டியாய்க் கிடந்தது.

"வர்ஜீனியாவுக்குப் போன வெள்ளைக்காரரும் இப்படித்தான். தங்கடை ஊரிலை எருப்போட்டு உழுத சனம், காட்டுமண்ணைக் கண்டவுடனை எல்லாத்தையும் மறந்திட்டினம். மூண்டு நாலு வருசம் புகையிலை. மண் செத்தவுடனை அடுத்த காடு. அந்தக் காட்டிலை முந்தியே சனம் இருந்தது. அதுகளைத் துரத்திப்போட்டுத்தான் போனவை."

என்றோ மாண்டொழிந்த அம்மாந்தர், தம்மைப்போலவே கைகள் இலைப்பிசினாற் கறுக்க, அடுத்த காட்டை நோக்கி நிற்பதை அம்பலவாணன் கண்முன்னே கண்டார். பிறந்த மண்ணைவிட்டுத் துரத்தப்பட்டு வந்த தாமா, ஒருத்தியின் மண்ணுக்குக் கைநீட்டுவது! வெட்கம் அவரைச் சுட்டது.

"ராஜியை உடனை வந்து உந்த நிலத்தை எடுக்கச் சொல்லும்," என்றவர், சற்றுப்பொறுத்துக் கேட்டார்: "வர்ஜீனியாவிலை அந்த மண் எப்பத் திரும்ப உயிர் பிடிச்சது?"

"பயிர் வையாமல் இருபது வருசம் சும்மா விட்டவை. பிறகுதான் தேறினது."

"எனக்கு இப்ப அறுபத்தெட்டு."

அவர் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு தெருவுக்கு நடந்து, மரங்கள் உதிர்த்த இலைகளை வாரிக் கட்டிக்கொண்டு மீண்டார். தம் துண்டிலே மண்வெட்டியால் ஆழச் சால் கீறினார். எடுப்பதற்கு நான்கு கோடை போதுமாயிருந்தது. திருப்பிக் கொடுப்பதற்கோ ஒரு மனிதனின் எஞ்சிய வாழ்நாள் போதாது. போதாதென்று அறிந்தே அவர் குனிந்து, முதற்பிடி இலையை மண்ணுள் இட்டு மூடினார்.