ஈரக் காற்றும் நிஸாரின் விளக்கும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. இரத்தினபுரியிலிருந்து கேகாலைக்கு வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மாணிக்கக்கல் வியாபாரி நிஸார், அவிசாவளை வருமுன் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். அவர் சொன்னபடி பார்த்தால் கதாநாயகன் அவர்தான். எனக்குச் சந்தேகம். மறுநாள், அவர் தந்த நம்பரில், கதையில் வரும் சுமித்ரா டீச்சருக்குப் போன் செய்து கேட்டேன்.

"விளக்கு அவரோடதுதான்," என்று சிரித்தார். "அதுவரைக்கும் உண்மை."

இருவர் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஒளியானது ஓர் உலோகப் பரப்பின் மீது படும்போது…

வேண்டாம், பாடப்புத்தகம். அடுத்தது: மலைச்சரிவில் மெல்லிய மழை…

இதுவும் பொய். அன்று பெய்த மழை மெல்லியது அல்ல.

சுமித்ரா, இரத்தினபுரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறார். தகுந்த ஒளி பட்டால் உலோகத்திலிருந்து இலத்திரன்கள் என்ற மின் துகள்கள் கிளம்பி வெளியே வரும் என்று பதினொரு வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வந்தவர். போன தவணையில் பிரஷாந்தினி என்ற மாணவி எழுந்து, "நீங்க கண்டிருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றார் சுமித்ரா.

ஜன்னலோரம் போய்க்கொண்டிருந்த பாடசாலை அதிபர் பழனிமுத்துவின் காதில் அது விழுந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் இப்படிச் சொன்னால் மரியாதை என்னாவது என்று கூப்பிட்டுக் கேட்டார். சுமித்ராவுக்கு மரியாதைக் கவலை இல்லை. தான் ஒரு தடவைகூடப் பார்க்காததைப் பதினொரு வருடம் அடித்துச் சொல்லி வந்திருக்கிறோமே என்பதுதான் உறுத்தியது.

3

அதனால் வகுப்பிலேயே செய்து பார்த்துவிடத் தீர்மானித்தார். தேவையானவை சுலபம். ஒரு ஜாம் போத்தல். பிளாஸ்டிக் மூடி வழியாக ஒரு செப்புக் கம்பி. கம்பியின் அடியில் இரண்டு மெல்லிய ஈயத்தாள் துண்டுகள், உச்சியில் மெதுவாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கூரைத் தகரத் துண்டு. தகரத்தின் மேல் பூசியிருப்பது நாகம். (பாம்பு அல்ல. துத்தநாகத்துக்கு எங்கள் பாடப்புத்தகம் வைத்த பெயர்.) பிவிசி குழாயைத் தலைமுடியில் தேய்த்துத் தகரத்தில் தொட்டால் மின்னேற்றம் இறங்கி, தாள்கள் இரண்டும் விலகி நிற்கும். அந்த மிகுதி இலத்திரன்களை ஒளி கிளப்பிவிட்டால் தாள்கள் விழுந்து சேர்ந்துகொள்ளும்.

ஆனால் டோர்ச் வெளிச்சத்தை மணிக்கணக்காகப் பிடித்தாலும் ஒன்றும் நடக்காது. புறஊதா வேண்டும். கற்களைச் சோதிக்க நிஸார் வைத்திருக்கும் விளக்கு அதைத் தரும். டீச்சர் போய்க் கேட்டபோது, விளக்கு தன் கையை விட்டுப் போகாது என்று சொல்லிவிட்டு, அவரும் கூடவே கிளம்பி வந்தார்.

4

வகுப்பில் தாள்கள் விலகி நின்றன. கண்ணில் படாதபடி அட்டை கட்டிய விளக்கை நிஸார் பிடித்தார். தாள்கள் விழுந்தன. எல்லோரும் கை தட்டினார்கள், அதிகமாகத் தட்டியவர் அதிபர்.

சுமித்ரா தட்டவில்லை. மறுபடி மின்னேற்றினார். இம்முறை விளக்கைப் போடவேண்டாம் என்றார். தாள்கள் அதே வேகத்தில் விழுந்தன.

"இது வெளிச்சத்தோட வேலைன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார். "காத்துல இருக்குற ஈரமே மின்னேற்றத்த இழுத்திருக்கும்."

அவருடைய கண்கள் கலங்

(அடித்துவிட்டேன். கலங்கவில்லையாம், பசித்ததாம்.)

கை தட்டி முடிந்த பிறகு இதெல்லாம் தேவையா என்று அதிபர் முணுமுணுத்தார். அடுத்த யோசனை தன்னுடையது என்கிறார் நிஸார். அதை நான் நம்பவில்லை, ஏனென்றால் பிரஷாந்தினியின் சொற்களைச் சுமித்ரா அப்படியே சொன்னார்: "ஸ்டோர்ல டிரையர் பக்கம் ஈரத்துணி போட்டா அரை மணியில காஞ்சிரும் டீச்சர். அம்மா அங்கதான் வேலை."

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்திலேயே காய்ந்த காற்று அங்கேதான்.

5

மழையில் குடைகளோடு எல்லோரும் போனார்கள். பகல் இடைவேளை. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் சிங்களவர். நிஸார் சிங்களத்தில் பேசிப் பேசியே இருபது நிமிடம் வாங்கிவிட்டார். இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு: ஒரு கல்லைப் பார்க்கும்போது பக்கத்தில் இன்னொன்றை வைத்துத்தான் பார்ப்பாராம். அதனால் இரண்டு போத்தல் வைக்கச் சொன்னார்.

இரண்டுக்கும் மின்னேற்றினார்கள். ஒன்றின் மேல் மட்டும் விளக்கு. பத்து எண்ணுவதற்குள் அதன் தாள்கள் விழுந்தன. மற்றது விரித்த கத்தரிக்கோல் போல அப்படியே நின்றது. விழுந்ததற்கு மறுபடி மின்னேற்றி, விளக்குக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டைப் பிடித்தார்கள். புறஊதாவைக் கண்ணாடி மறித்துவிட்டது, விளக்கு எரிந்தும் தாள்கள் அசையவில்லை.

இதைச் சுமித்ரா போனில் இரண்டு தடவை சொன்னார்.

பிரஷாந்தினியின் அம்மா கோகிலா சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு வந்து, விளக்கை அணைத்தால் போனதெல்லாம் திரும்பி வருமா என்று கேட்டார். தானாக வராது, நாம்தான் மறுபடி ஏற்றவேண்டும் என்றார் டீச்சர்.

(இந்த இடத்தில், தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போனவர்களைப் பற்றி ஒரு நீண்ட பத்தி எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். கோகிலா கேட்டது இலத்திரன்களைப் பற்றி மட்டும்தான்.)

6

பிரஷாந்தினி விஞ்ஞானி ஆனாள் என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் பரீட்சையே வரவில்லை. அதிபர் மன்னிப்புக் கேட்டார் என்று இன்னொன்று. அவர் கேட்கவில்லை, குழாயை வாங்கித் தன் வழுக்கைத் தலையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் முடிவை உங்களிடமே விடுகிறேன். நீங்கள்தான் இப்போது டீமேக்கர். இடைவேளை முடிய இரண்டு நிமிடம். மெஷின் காத்திருக்கிறது. நிஸாரின் கையை விட்டே போகாத விளக்கு இப்போது கோகிலாவின் கையில். டீச்சர், நிஸார், அதிபர், பிள்ளைகள் எல்லோரும் உங்களையே பார்க்கிறார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை செய்யலாமா என்று கேட்கிறார்கள்.

சொல்லுங்கள்.