மாடலுக்குள் ரைலி

தம்பேரே நகர மருத்துவமனைக் கட்டட வேலையில் குழாய் பொருத்துகிற ரைலியைத் திங்கட்கிழமையோடு நிறுத்தப் போகிறார்கள் என்பது, வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் என் காதுக்கு வந்தது. அடித்தளத்துப் பம்ப் அறையில் மூன்று வாரத் தாமதமாம். வேறு ஆட்களைக் கொண்டுவரப் போகிறாராம் திட்ட மேலாளர் வேயோ.

வால்வைத் திருப்பக் கை நுழையவில்லை என்று ரைலி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணினி மாடலில் ஒரு இடத்தில்கூட மோதல் இல்லையே, அப்புறம் என்ன சாக்கு என்று வேயோ கேட்டுக்கொண்டிருந்தார். மோதல் இல்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான். கட்டடத்தை முதலில் கணினிக்குள் கட்டி, குழாய் தூணோடு இடிக்கிறதா, இன்னொரு குழாயோடு இடிக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எதுவும் இடிக்கவில்லைதான். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர் இருந்தது, கணினிக்கு அது போதும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அதுவும் முதலில் என் மேலேயே.

சூப்பை அப்படியே வைத்துவிட்டு அளவு நாடாவோடு கீழே போனேன். ரைலியின் தோள், முழங்கை, கையுறை போட்ட முஷ்டி, ஸ்பானரைத் திருப்பக் கை போய்வர வேண்டிய தூரம், எல்லாவற்றையும் அளந்தேன். எனக்கென்ன சட்டை தைக்கப் போறியா என்று கேட்டுச் சிரித்தாள். அவளை மாடலுக்குள் வரைந்து, எண்பத்தாறு வால்வுகளுக்கு முன்னாலும் நிறுத்திச் சோதனையை ஓட்டினேன். ஐம்பத்திரண்டு இடத்தில் இடிக்கிறது என்று சிவப்பு.

மறுநாள் கூட்டத்தில், மருத்துவமனைக்காரர்கள் முன்னாலேயே அதைத் திரையில் போட்டேன். வேயோவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஆள் கட்டடத்தின் பாகமில்லை, அழித்துவிடு என்றார். மாட்டேன் என்றேன். மாடலை இன்றைக்கே ஒப்படைத்தாக வேண்டும் என்றார். தெரியும், ஆனாலும் அழிக்க மாட்டேன் என்றேன். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சரி இன்கெரி, கொஞ்சம் சின்ன ஆளாப் போடேன்.”

“குழாயை நகர்த்தலாம், வேயோ. ஆளைச் செதுக்க முடியாது. சந்தேகமா இருந்தா கீழ வாங்க, உங்க கையை விட்டுத் திருப்பிக் காட்டுங்க.”

வேயோ நாற்காலியை விட்டு அசையவில்லை. எழுந்தது மருத்துவமனையின் பராமரிப்புப் பொறியாளர் அம்மாள். நாளைக்கு அந்த வால்வுகளோடு மல்லுக்கட்டப் போவது அவருடைய ஆட்கள். நேரே கீழே இறங்கிப் போய் முதல் வால்வில் கையை விட்டார். மணிக்கட்டோடு நின்றுவிட்டது. குழாய்களை நகர்த்தாமல் இந்த அறையை வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். யார் நகர்த்துவது என்று, பின்னாலேயே இறங்கி வந்துவிட்ட வேயோ இழுத்தார். இடம் போதாது என்று முதலில் சொன்ன அந்தக் குழாய்க்காரியே நகர்த்தட்டும் என்றார் அந்த அம்மாள்.

திங்கட்கிழமை காலை ரைலி வழக்கம்போல வேலைக்கு வந்தாள். என் மேசையில் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரையில் தன்னையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இடுப்பைக் குறைச்சுப் போட்டிருக்கடி. உள்ளபடி போடு.”

போட்டேன். இன்னும் ஆறு சிவப்பு வந்தது.