தபால்காரர் கையில் கட்டிய வாட்ச்

மெக்கானிக்குக்கு எழுபத்து மூன்று வயது. பஸ் டிப்போவில் நாற்பது வருடம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் முதலில் சந்தேகப்படுவார். பழகிய பிறகும் சந்தேகப்படுவார்.

அப்படிப்பட்ட மனிதர் கையில் அவர் மகள் ஒரு வாட்சைக் கட்டிவிட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் ஒரு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் தூக்கிவிட ஆள் கிடையாது. மகளுக்கு வேறு ஊரில் வேலை. அவளிடம் மூச்சுவிடவில்லை இவர். கீழ்வீட்டுப் பெண் சொல்லிவிட்டாள். மறுநாளே மகள் வந்து நின்றாள்.

"இது நேரம் பாக்குறதுக்கு மட்டும் இல்லப்பா. எத்தனை அடி நடக்கிறீங்க, நெஞ்சு எப்படித் துடிக்குது, எல்லாம் என் போனுக்கு வந்துடும். நீங்க விழுந்தா அதுவே எனக்குச் சொல்லும்."

"ஜாமீன்ல வந்தவனுக்குத்தான் இப்படி மாட்டி அனுப்புவாங்க."

"ஆமா, ஜாமீன்லதான் இருக்கீங்க. தினமும் அஞ்சாயிரம் அடி நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். இன்னொரு தடவை என்கிட்ட எதையாவது மறைச்சீங்க, இந்த வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டு உங்களை என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவளுடைய வீட்டை அவர் பார்த்திருக்கிறார். பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல். அங்கே இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தபோது, பழுதுபார்க்க அனுப்பிய வண்டி திரும்பி வந்த மாதிரி இருந்தது அவருக்கு. மறுபடி அங்கே போவதைவிட ஈரத்தரையே மேல்.

முதல் வாரம் தினம் போன் வந்தது.

"அப்பா, நேத்து எழுநூத்திப் பத்து."

"அதுக்கு எண்ணத் தெரியல. குறைச்சுச் சொல்லுது."

"அப்ப நிஜமா எத்தனை?"

"எழுநூத்தி இருபது."

முட்டி வலி ஒரு பக்கம். இன்னொருவர் எண்ணுகிறார் என்றாலே கால் எழும்பாத குணம் ஒரு பக்கம். வாட்சைக் கழற்றி மின்விசிறியில் கட்டிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் அது தோலில் ஒட்டியிருந்தால்தான் துடிப்பைக் காட்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். துடிப்பு வேண்டும். காலும் வேண்டும். இரண்டும் உள்ள ஆள் ஒருவர் எதிர்வீட்டில் இருந்தார்.

எதிர்வீட்டுக்காரர் தபால்காரராக இருந்தவர். ஓய்வு பெற்ற செய்தி அவர் காலுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. தினமும் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பழைய பட்டுவாடாத் தெருக்களை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றுவார். சாயங்காலம் இன்னொரு சுற்று. சுற்றி முடித்தால் மெக்கானிக் வீட்டில் டீ. இருவருக்கும் நாற்பது வருடப் பழக்கம்.

"உன் கால் சும்மாதானே நடக்குது. என் பேருக்கு நடக்கட்டும்" என்று வாட்சை நீட்டினார் மெக்கானிக்.

தபால்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்தவன் பேருக்கு வந்ததைச் சுமக்கிறதுதானேய்யா என் தொழில். குடு."

காலையில் வாட்ச் தபால்காரர் கைக்குப் போகும். பொழுது சாய்ந்ததும் மெக்கானிக் கைக்கு வந்துவிடும். மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பன்னெண்டாயிரம் அடிப்பா நேத்து. என் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். எங்கப்பாவைப் பாருங்கன்னு."

அந்தக் கடைசி வார்த்தை அவரைக் கொஞ்சம் குத்தியது. சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போட்டுக் குடித்ததும் போய்விட்டது.

மூன்று வாரம் இப்படி ஓடியது. நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை, வழக்கமில்லாத நேரத்தில் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, பதறாதீங்க. நெஞ்சு வலிக்குதா? படபடன்னு இருக்கா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"வாட்ச் சிவப்பு காட்டுது. துடிப்பு சீரா இல்லையாம். ராத்திரி சரியா இருக்கு. பகல்லதான் கன்னாபின்னான்னு போகுது. மூணு நாளா இப்படி."

மெக்கானிக்குக்கு அந்த நொடியே புரிந்தது. இரவில் துடிப்பது அவருடைய நெஞ்சு. பகலில் துடிப்பது வேறு நெஞ்சு. உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"மெஷின் உளறும்" என்றார்.

"உளறட்டும். நாளைக்கே போய் ஈ.சி.ஜி. எடுங்க. இல்லேன்னா நான் கிளம்பி வரேன்."

அவள் வந்தால் வாட்சை யார் கையில் தேடுவது? மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். சட்டையைக் கழற்றிப் படுத்தார். நெஞ்சிலும் கைகாலிலும் குளிர்ச்சியாக எதையோ தடவி ஒயர்களை ஒட்டினார்கள். மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, 'இங்கே படுக்க வேண்டியவன் நான் இல்லையே' என்று தோன்றியது. அதைத் தொண்டையிலேயே நிறுத்திவிட்டார்.

"இந்த வயசுக்கு அருமையான இதயம்" என்றார் டாக்டர். "இன்னும் இருபது வருஷம் ஓடும்."

காகிதத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார்கள். அவள் போனில் பெருமூச்சு விடுவது கேட்டது. "அப்ப வாட்ச்தான் கெட்டுப்போச்சு போல. கம்பெனிக்கு எழுதிப் போடுறேன். இனிமே அந்தச் சிவப்பைக் கண்டுக்கப் போறதில்ல."

"நான் அப்பவே சொன்னேன். மெஷினை நம்பாதேன்னு."

சொல்லும்போதே நாக்கு கசந்தது. தன்னுடைய நல்ல நெஞ்சைக் காட்டி இன்னொருவன் நெஞ்சுக்கு வந்த எச்சரிக்கையை ரத்து செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது பஸ்ஸில் வரும்போதே அவருக்கு உறைத்தது.

சொல்லிவிடலாம்தான். எதிர்வீடு. பத்து அடி. 'ஒரு தடவை டாக்டரைப் பாருய்யா' என்றால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் தபால்காரர் மனைவிக்குத் தெரியும். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவர் மகளோடு போனில் பேசுகிறவள். அப்புறம் பதினோராவது மாடிதான்.

தபால்காரருக்கு வாயில் எதுவும் தங்காது. எது வந்தாலும் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் அவருக்கு. நூறு தடவை சொன்ன கதை ஒன்று உண்டு. கூட வேலை பார்த்த ஒருவன் நடக்கச் சோம்பல்பட்டு ஒரு மூட்டைக் கடிதத்தை வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தானாம். அது வெளியே வந்த நாளிலிருந்து தபால்காரர் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் செத்தபோதும் போகவில்லை. "தப்பு யாரும் பண்ணுவான்யா. தேக்கி வெச்சான் பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கல" என்று முடிப்பார்.

இரண்டாம் நாள் மாலை மாடியிலிருந்து பார்த்தார். தெருமுனைப் பூங்கா வாசலில் தபால்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது வருடத்தில் அந்த மனிதர் நடுவழியில் நின்று மெக்கானிக் பார்த்ததில்லை. டிப்போவில் பஸ் வாசலுக்குள் நுழையும்போதே, "நாலாவது சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்குது, ஓரங்கட்டு" என்று சத்தத்தை வைத்துச் சொன்ன காது அவருடையது. அப்படி விட்டுவிட்டு அடிக்கிற வண்டியை அவர் ஒருநாளும் ஆளை ஏற்றிக்கொண்டு வெளியே போக விட்டதில்லை. டிரைவர்கள் கெஞ்சுவார்கள், மேனேஜர் கத்துவார். விடமாட்டார்.

அன்று டீ குடிக்கும்போது கேட்டார். "மூச்சு வாங்குதாய்யா?"

"வயசாகுதில்ல. உன்னை மாதிரி உக்காந்தே இருந்தா வாங்காது."

"ஒரு வாரம் நடக்காம இரேன்."

"உன் பொண்ணு ஏமாந்து போயிடும்" என்று கண்ணடித்தார் தபால்காரர்.

அந்தக் கேலியைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் தப்பித்தார். வயசு, அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். நாளைக்குச் சொல்லலாம் என்றும் சொல்லிக்கொண்டார். மறுநாள் காலை வாட்சைக் கட்டிவிடும்போது விரல் அந்த மணிக்கட்டில் ஒரு கணம் தங்கியது. நாடி தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள அவருக்கு மனமில்லை. வாரை இறுக்கிவிட்டு, "போயிட்டு வா" என்றார்.

மகள் சிவப்பைப் பற்றிச் சொன்ன பன்னிரண்டாம் நாள் காலை ஏழரை மணி. மெக்கானிக் அடுப்படியில் நின்றிருந்தார். போன் அடித்தது. மகளின் குரலே சரியில்லை.

"அப்பா... எங்கே இருக்கீங்க? விழுந்துட்டீங்களா? வாட்ச் சொல்லுது, நீங்க விழுந்து அசையாம கிடக்கீங்கன்னு."

"வீட்லதான் இருக்கேன்."

"தண்ணித் தொட்டி ரோட்டுல காட்டுது. பேசுறீங்களே, எழுந்துட்டீங்களா?"

"அது மெஷின்..." என்று ஆரம்பித்தார். பழகிய வாய். மீதி வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. இரண்டு மூச்சு விடும் நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த இரண்டு மூச்சு நேரம் அங்கே தண்ணீர்த் தொட்டி ரோட்டில் ஒரு மனிதர் கிடந்தார்.

"வாட்ச் என் கையில இல்லம்மா. தபால்காரர் கையில இருக்கு. தினமும் அவர்தான் கட்டிட்டு நடக்கிறார். ஆம்புலன்சைக் கூப்பிடு. அந்த இடத்தைச் சொல்லு அவங்களுக்கு. சீக்கிரம்."

அடுப்பை அணைத்தாரா என்று நினைவில்லை. செருப்பில்லாமல் இறங்கி, முட்டியைப் பற்றி யோசிக்காமல், ஓடினார் என்றே சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்தபோது வண்டி அவருக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. தபால்காரர் நடைபாதையில் ஒருக்களித்துக் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கையில் வாட்ச் சிவப்பாக மின்னி மின்னி எரிந்துகொண்டிருந்தது.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது.

"நெஞ்சு சீரா அடிக்காததால ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கு" என்றார் டாக்டர். "இது முன்னாலயே தெரிஞ்சிருந்தா மாத்திரையே போதும். பெரும்பாலும் இந்த அளவுக்கு வராது."

மெக்கானிக் சுவரோடு சுவராக நின்று கேட்டார். பக்கத்தில் தபால்காரர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வாட்ச் இல்லேன்னா இந்நேரம் என்ன ஆயிருக்கும்னு நினைச்சாலே பகீர்ங்குது அண்ணே. கூடப் பொறந்தவர்கூட இப்படிப் பண்ணமாட்டார்."

அந்தக் கையை அவரால் இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

மகள் இரண்டு நாளாகக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தலாம்.

"அப்பா, அன்னைக்கு ஈ.சி.ஜி.க்குப் போனப்போ அது உங்க நெஞ்சு இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான்தான் சிவப்பைக் கண்டுக்காம விட்டேன்னு ரெண்டு நாளா தூங்கல." அவ்வளவுதான் சொன்னாள். வீட்டைப் பூட்டுவதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவர் பயந்தது நடக்கவேயில்லை. எதற்காக வாயைப் பொத்திக்கொண்டிருந்தாரோ, அது இவ்வளவு லேசான சங்கதியா என்று இருந்தது.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி. மனைவி தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தாள். "உக்காருங்கண்ணே" என்றாள். அவர் உட்காரவில்லை.

"உனக்கு ஒரு சேதி வந்துச்சுய்யா" என்றார் தபால்காரரிடம். "உன் நெஞ்சு சரியில்லன்னு. வாட்ச் சொன்னது என் பொண்ணுக்குப் போச்சு. அவ என்கிட்ட சொன்னா. உன்கிட்ட சொல்ல வேண்டியவன் நான். சொல்லல. என்னைக் கூட்டிட்டுப் போயிடுவான்னு பயந்துகிட்டு தேக்கி வெச்சுட்டேன்."

தலையணைமேல் இருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

தபால்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோணிய வாயிலிருந்து சொல் ஒவ்வொன்றாக வந்தது. "எத்... எத்தன... நாளு?"

"பதினொண்ணு."

தபால்காரரின் இடது கை போர்வைமேல் அசைந்தது. ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கினார். மறுபடி ஐந்து. அப்புறம் ஒரு விரல். எண்ணி முடித்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மெக்கானிக் நின்றார். கால் மணி நேரம் இருக்கும். அந்த முகம் திரும்பவில்லை.

"நேரம் ஆச்சு. கிளம்புங்க" என்றாள் அம்மா. நாற்பது வருடத்தில் அண்ணே இல்லாமல் அவள் அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை.

வெளியே பஸ் நின்றிருந்தது. நடத்துனர் கைகாட்டிக் கூப்பிட்டார். மெக்கானிக் ஏறவில்லை. முட்டி இரண்டு தெருவிலேயே கெஞ்ச ஆரம்பித்தது. நின்று நின்று, வீட்டுச் சுவர்களைப் பிடித்துப் பிடித்து, வீடு வரைக்கும் நடந்தார். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த வாட்ச் அவர் கையில்தான் இருந்தது.

மறுநாள் காலை மகள் கூப்பிட்டாள்.

"நேத்து நாலாயிரத்து முந்நூறு காட்டுது" என்றாள். சந்தோஷம் இல்லை குரலில். கொஞ்சம் பொறுத்து, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டாள். "உங்க கால்தானாப்பா?"

"என் கால்தான்மா."

அவள் சரி என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அவள் இடத்தில் அவர் இருந்திருந்தால் அவரும் நம்பியிருக்கமாட்டார். போனை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். ஆஸ்பத்திரியில் பார்வையாளரை உள்ளே விடுவது பத்து மணிக்குத்தான். இப்போதே நடக்க ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.