கண்ணுக்கு மட்டும் போட்ட கோடு

கம்பெனி வெப்சைட்டைக் கவனிப்பவளைக் கூப்பிட்டு, அதில் ஊழியர் பட்டியல் உள்ள பக்கத்தில் ஒரு பெயரை அடித்துவிடச் சொன்னார் மேனேஜர். அது அவள் புருஷன் பெயர். பக்கத்து அறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, சொன்னதைச் செய்யம்மா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் அந்தக் கல்நெஞ்சக்காரர்.

பெயரை இரண்டு விதமாக அடிக்கலாம். 'நீக்கப்பட்டது' என்று குறியிட்டால் கோடும் விழும், ஆள் போய்விட்டான் என்று இயந்திரங்களுக்கும் புரியும். வெறும் அலங்காரத்துக்கும் ஒரு கோடு இழுக்கலாம். அது கண்ணுக்குத் தெரியும், இயந்திரத்துக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவள் அலங்காரக் கோட்டையே இழுத்தாள். இரண்டு சம்பளத்தில் ஓடுகிற குடும்பம், வேறென்ன செய்வாள்?

மறுநாள் ஆரம்பித்தது கூத்து. அந்தப் பக்கத்தைப் படித்துத் திறக்கிற வாசல் கதவு அவனுக்குத் திறந்தது. லிஃப்ட் ஏற்றிக்கொண்டது. காபி மெஷின் காபி கொடுத்தது. மனிதர்கள்தான் கோட்டைப் பார்த்துவிட்டார்களே! அவனை எதிரில் வைத்துக்கொண்டே அவனுக்கு வழியனுப்பு விழா நடத்தி, நல்ல மனுஷன் பாவம் என்று உச்சுக்கொட்டி, கேக்கைத் தின்று தீர்த்தார்கள். அவனுக்கு ஒரு துண்டு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கதவே உள்ளே விட்ட ஆளை நான் எப்படித் தடுப்பது என்று காவலாளி கையை விரித்தார்.

முதலாளிக்குப் பார்வை கிடையாது. ஊழியர் பக்கத்தைக் கம்ப்யூட்டர் வாசிக்கக் கேட்பார்; அலங்காரக் கோடு அதில் கேட்காது. கணக்குக்காரனை வரச் சொல்லுங்கள் என்று அவர் ஆளனுப்பியதும், மேனேஜர் அவளையும் இழுத்துக்கொண்டு ஓடினார். அந்த ஆளை நீக்கியாயிற்று, இவள்தான் ஏமாற்றிவிட்டாள் என்று கொட்டித் தீர்த்தார். இரண்டு வேலையும் போச்சு என்று அவள் நினைத்தாள்.

"எதுக்கு நீக்கினீங்க?" என்றார் முதலாளி.

மேனேஜர் சொன்னார்: "மீட்டிங்ல நான் பேசும்போது தூங்கினான் சார்."

"நானும்தான் தூங்கினேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், உங்களுக்குத் தெரியல." முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "என் பேரையும் அடிச்சிடும்மா. எனக்குக் கேக்கிற மாதிரி அடி."



"அவன் பேர்ல இருக்கிற கோட்டை எடுத்துடும்மா," என்றார் மேனேஜர். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.