பக்கத்துக் கோடு

படுத்த படுக்கையாகக் கிடந்த அண்ணனின் இடதுகை நகங்களை வெட்டி முடித்து வலதுகையைப் பிடித்தபோது, அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அன்னிக்கு லேசரைப் பூட்டினியே, கோட்டை எண்ணினியா?"

"எண்ணினேண்ணா," என்றாள் தங்கை.

எண்ணவில்லை. இருவருக்கும் ஒரே ஆய்வகம். கண்ணாடிக் குழாயில் அடைத்த அயோடின் ஆவி, லேசர் ஒளியைச் சில அலைநீளங்களில் மட்டும் விழுங்கும். திரையில் அவை வரிசையாகக் கோடுகளாகத் தெரியும். குறிப்பிட்ட ஒரு கோட்டோடு லேசரைப் பூட்டினால் அதன் அலைநீளம் ஆடாமல் அசையாமல் நிற்கும். மற்ற கருவிகளையெல்லாம் அதை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். பக்கத்துக் கோட்டில் பூட்டினாலும் அதே சமர்த்தோடு நிற்கும் என்பதுதான் வினை. ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினால்தான் குட்டு வெளிப்படும்.

அண்ணன் ஆய்வகத்திலேயே மயங்கி விழுந்த அன்று காலை, அவள் அவசரத்தில் கண்மதிப்பாகப் பூட்டினாள். அவளை நம்பி அவர், அளவு சரி என்ற சான்றிதழில் கையெழுத்திட்டார். பூட்டியது யாரென்று எங்கும் எழுதுவதில்லை. கையெழுத்துப் போட்டவர் தலைதான் உருளும். முந்தாநாள் தனியாகப் போய் எண்ணிப் பார்த்தாள். ஒன்று தள்ளி நின்றிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

"சின்ன வயசுல மாடிப்படி எண்ணும்போதே ஒண்ண விட்டுடுவ நீ," என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று தொண்டைவரை வந்தது. தூங்கி எழட்டும் என்று தள்ளிப்போட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் மூச்சு நின்றது.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்த ஆய்வக இயக்குநர், உடலருகே சற்று நின்றுவிட்டு, அண்ணியையும் அவளையும் உள்ளறைக்கு அழைத்தார். வேறோர் ஆய்வகம் ஒப்பிட்டுப் பார்த்து, அளவு தப்பு என்று எழுதியிருக்கிறதாம். உடம்பு முடியாத நேரத்தில் கோட்டை எண்ணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம் என்றார். போனவரை இனி யார் கேட்கப்போகிறார்கள் என்பதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அண்ணி அதுவரை அழவில்லை. "அவரு எண்ணாம விடமாட்டாரு சார்," என்றவள் தங்கையிடம் திரும்பினாள். "நீ கூடவே இருந்தியேம்மா. நீயே சொல்லு."

தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"அண்ணா அன்னிக்கு ரொம்பச் சோர்ந்து போயிருந்தாரு அண்ணி," என்றாள்.

இயக்குநர் தலையசைத்துவிட்டு வெளியே போனார். அண்ணி அவளை அருகில் இழுத்து, முதுகைத் தடவிக்கொடுக்கத் தொடங்கினாள்.